மிடறு திறந்து உயிர்காத்த வரலாறும் மலைநாட்டுக் குழந்தைகளும்

உடம்பின் தேவைகளுள் உணவைச் சில கிழமைகளும் நீரைச் சில நாள்களும் பொறுத்திருக்கலாம். மூச்சையோ சில நிமிடங்கள் தாமும் பொறுத்திருத்தல் இயலாது. வளர்ந்தோரினும் குழந்தைகட்கே இவ்வாபத்து மிகப் பெரிது. பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய், அஃதாவது விஞ்ஞான நூல்கள் வாதனாளி என வழங்கும் குழாய், ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர் விட்டமே உடையது. நான்கு மில்லிமீற்றர்க் குழாயின் உட்புறம் சுற்றிலும் ஒரு மில்லிமீற்றர் அளவு வீங்குமாயின், காற்றுச் செல்லும் வாயில் நாலில் ஒன்றாகக் குறுகிவிடும். வளர்ந்தவர்க்குத் தொண்டைக் கரகரப்பாகத் தோன்றி மறையும் வீக்கம் மழலைக்கு மரணமாவது இக்காரணத்தாலேயாம்.

அடைபட்ட குரல்வளைக்குக் கீழே கழுத்தின் முன்புறத்திற் சிறு வழி திறந்து, அதனுள் ஒரு குழாயைச் செலுத்திக் குழந்தையை மூச்சுவிடச் செய்யும் இரணசிகிச்சையே மிடறு திறத்தல். அதன் வரலாறு வெறும் கத்தியின் வரலாறன்று. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயாளி ஒன்று, தீர்க்கும் மருத்துவன் ஒன்று, மருந்து ஒன்று, அருகிருந்து ஏவல் செய்து காப்போன் ஒன்று. இந்நான்கனுள் ஒன்று குறையினும் மிடறு திறந்த குழந்தை பிழைப்பதரிது என்பதை ஐரோப்பாவின் பெருநகரங்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் பட்டறிந்தன. ஈழத்து மலைநாட்டின் வரலாறோ இந்நான்கோடு ஐந்தாவதாக மற்றொன்றையும் சேர்த்து எண்ணுமாறு நம்மை ஏவுகின்றது. அது வழி, நோயாளிக்கும் மருத்துவனுக்கும் இடைப்பட்ட தொலைவு.

தொண்டையை அடைத்துக் கொல்லும் நோயைப் பண்டை மக்கள் நன்கறிந்திருந்தனர். சுசுருத சங்கிதை தொண்டையின் நோய்களைக் கூறுமிடத்து ரோகிணி என்பதொன்றனை ஐவகையாக விரித்து, அது மிடற்றை அடைத்து உயிர் கவரும் என்கின்றது. இக்காலத்தார் அதனைத் தொண்டைக்கரப்பனோடு ஒப்பவைத்து நோக்குவர். கிரேக்க உரோம மருத்துவருள் அஸ்கிளெப்பியாதீஸ் என்பார் மூச்சுக்குழாயைத் திறக்கலாமெனக் கருதினார் என்ப. ஆயின் குருத்தெலும்பிற் பட்ட புண் ஆறாது என்னும் கொள்கையால் பின்வந்த பலர் அதனைக் கடிந்தொதுக்கினர். ஐயத்துக்கிடமின்றிப் பதிவான முதற் சிகிச்சை 1546 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பிராசவோலா என்பவரால் வளர்ந்த நோயாளி ஒருவருக்குச் செய்யப்பட்டதாகும்.

சிறுவர்க்குச் செய்தவற்றுள் பெயர்பெற்ற நிகழ்ச்சியொன்று பாரிசு நகரத்து அபிக்கோ என்னும் இரணவைத்தியர் 1620 இல் வெளியிட்ட நூலிற் காணப்படுகின்றது. பதினான்கு வயதுச் சிறுவனொருவன் திருடர்க்கு அஞ்சித் தன்பாலிருந்த பொற்காசுகளைத் துணியில் முடிந்து விழுங்கினான். முடிச்சு உணவுக்குழாயில் தங்கி மூச்சுக்குழாயை நெருக்கியது; முகம் கருத்து வீங்கியது. அபிக்கோ அவன் மிடற்றைத் திறந்து மூச்சுக்கு வழிசெய்தபின், முடிச்சைக் கீழே தள்ளி வயிற்றுக்குட் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான், காசுகளும் பின்னர் வெளிப்பட்டன. குருத்தெலும்பு ஆறாது என்ற பழங்கொள்கை பிழையென்பதற்கு அச்சிறுவனின் கழுத்தே சான்றாயிற்று.

எனினும், ஆறும் என்று அறிந்த பின்னரும் மருத்துவர் கைகள் நெடுங்காலம் துணியவில்லை. 1799 ஆம் ஆண்டு திசம்பர் 14 ஆம் நாள் அமெரிக்காவின் முதற் சனாதிபதி வாஷிங்டன் தொண்டை அடைபட்டு இறந்தபோது, சூழ்ந்திருந்த மருத்துவர் மூவருள் இளையவரான டிக் என்பவர் மிடற்றைத் திறக்கலாமென்றார்; மூத்தவர் இருவரும் இசைந்திலர். 1807 இல் நெப்போலியனின் தம்பி மகன், ஒல்லாந்து நாட்டு இளவரசனாகிய நான்கு வயதுக் குழந்தை, குரல்வளை அடைப்பால் மாண்டான். பேரரசன் அந்நோயைப் பற்றிய சிறந்த ஆராய்ச்சிக்குப் பன்னீராயிரம் பிராங்குப் பரிசு அறிவித்தான். நாட்டை ஆள்வோன் வீட்டில் இழவு விழுந்தபோது, ஏழைக் குடிகள் ஊர்தோறும் இழந்த நோய் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

உண்மை வழியைத் திறந்தவர் பிரான்சின் தூர் நகரத்து மருத்துவர் பிரெத்தனோ ஆவார். நோயினால் இறந்தோர் உடலங்களைப் பிளந்து பார்த்து, தொண்டையிலும் குரல்வளையிலும் தோல்போன்றதொரு சவ்வு படர்ந்திருத்தலையும், வெவ்வேறு பெயரால் வழங்கிய தொண்டை நோய்கள் பல அச்சவ்வையே அடையாளமாகக் கொண்ட ஒரு நோயே என்பதையும் அவர் நிறுவினார். கிரேக்க மொழியில் தோலைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு 1826 இல் அவர் இட்ட பெயரே இன்று டிப்தீரியா எனத் திரிந்து வழங்குகின்றது. ஈழத்தார் அதனைத் தொண்டைக்கரப்பன் என்பர். முன்னர்ச் செய்த முயற்சிகள் தோற்றும் அவர் பின்வாங்கினாரல்லர். 1825 ஆம் ஆண்டில் தம் நண்பரொருவரின் நான்கு வயது மகளுக்கு மிடறு திறந்து குழாய் வைத்தார். அச்சிறுமி பிழைத்தாள். தொண்டைக்கரப்பனில் அச்சிகிச்சை உயிர்காத்த முதல் நிகழ்ச்சி இதுவே எனப் போற்றப்படுகின்றது.

பிரெத்தனோவின் மாணாக்கர் துரூசோ என்பார் அச்சிகிச்சையைப் பாரிசு நகரத்துக் குழந்தைகளிடத்தே பரப்பினார். தாம் மிடறு திறந்த இருநூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் பிழைத்தனர் என்று அவர் மறைக்காது கூறினார். நால்வருள் மூவரை இழந்த சிகிச்சையை வெற்றியென்று கூறுவதெங்ஙனம் என இக்காலத்து வாசகர் வினவக்கூடும். கத்தி எடாதிருந்தால் அந்நால்வரும் இறந்திருப்பர் என்பதே அக்காலத்து விடை. ஆயினும் அம்மூவர் இறந்தது ஏன் என்பதே வரலாற்றாசிரியன் ஆராய வேண்டிய வினா.

காரணங்கள் பல. முதலாவது, கத்தி அடைப்பைத் தாண்டியதேயன்றி நோயைத் தீர்க்கவில்லை. தொண்டைக்கரப்பன் கிருமி சுரக்கும் நஞ்சு குருதிவழி பரந்து நெஞ்சுத் தசையையும் நரம்புகளையும் தாக்கவல்லது. நன்றாய் மூச்சுவிட்ட குழந்தையும் சில நாள்களிலோ கிழமைகளிலோ நெஞ்சம் தளர்ந்து இறத்தல் உண்டு. இரண்டாவது, பெற்றோரும் மருத்துவரும் அஞ்சி அஞ்சிக் காலங்கடத்தி, உதடு நீலம் பாரித்த பின்னரே கத்தியை நாடினர். மூன்றாவது, திறந்த வழியைத் திறந்தபடியே காத்தல் எளிதன்று. மூக்குக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசு நீக்கித் தருகின்றது. கழுத்துக் குழாய்வழிச் செல்லுங் காற்றோ வறண்டும் குளிர்ந்தும் நேரே நுரையீரலைச் சாரும். சளி உலர்ந்து குழாயை அடைக்கும். இதனாலேயே துரூசோ உள்ளொன்றும் புறமொன்றுமாக இரட்டைக் குழாய் வேண்டுமென்றும், உட்குழாயை அடிக்கடி கழற்றித் துப்புரவு செய்ய வேண்டுமென்றும், கழுத்தில் மெல்லிய துணி சுற்றிக் காற்றை வெம்மையும் ஈரமும் உடையதாக்க வேண்டுமென்றும் வற்புறுத்தினார். இவற்றைச் செய்பவர் யார்? கத்தி பிடித்தவர் சில நிமிடங்களில் அகன்று விடுவர். இரவு முழுதும் விழித்திருந்து குழாயின் ஒலியைக் கேட்டிருப்பவரே குழந்தையின் உயிரைக் காப்பவர். வள்ளுவர் கூறிய நான்காம் கூறு ஈண்டு முதற்கூறாகி நிற்கின்றது.

கத்தியின்றியே வழி செய்யலாகாதோ என்று சிலர் சிந்தித்தனர். 1858 இல் பூசூ என்பார் வாய்வழியே குரல்வளைக்குள் உலோகக் குழாயொன்றைச் செலுத்தும் முறையைப் பாரிசு மருத்துவக் கழகத்தின் முன் வைத்தார். துரூசோவின் எதிர்ப்பால் அது புறக்கணிக்கப்பட்டது. மிடறு திறத்தலை நிலைநாட்டப் பெரிதும் போராடியவரே புதுமுறைக்குத் தடையாய் நின்றமை வியப்பன்றோ! ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் நியூயார்க்கு நகரத்துக் கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்திற் பணிபுரிந்த ஓ'டுவயர் என்னும் மருத்துவர், பன்முறை தோற்றும் தளராது குழந்தைகளின் குரல்வளைக்கேற்ற குழாய்களை வடித்தெடுத்து 1885 இல் தம் முறையை வெளியிட்டார். அது பின்னர் உலகெங்கும் பரவியது.

இனி, மருந்து என்னும் கூறு வந்த வரலாறு காண்போம். 1883 இல் கிளெப்சு என்பார் அந்நோயின் கிருமியைக் கண்டார். 1884 இல் இலோஃப்லர் அதனைப் பிரித்து வளர்த்தார். 1888 இல் பாரிசில் எமில் ரூ, எர்சன் என்னும் இருவரும் அக்கிருமியின் நஞ்சை வடித்துக் காட்டினர். 1890 இல் பெர்லினில் பேரிங், கித்தசாத்தோ ஆகியோர் அந்நஞ்சுக்கு மாற்று விலங்கின் குருதியில் உண்டாதலை நிறுவினர். குதிரையின் குருதியிலிருந்து வடித்த சீரத்தை ரூ 1894 இல் பாரிசுக் குழந்தைகள் மருத்துவமனையில் வழங்கினார். அதற்கு முந்திய நான்காண்டுகளில் அம்மருத்துவமனையில் அந்நோயுற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு ஐம்பத்தொருவருக்கு மேல் மாண்டனர். சீரம் வந்தபின் அத்தொகை ஏறத்தாழ இருபத்துநான்காகக் குறைந்தது. மிடறு திறக்கப்பட்ட குழந்தைகளை மட்டும் எண்ணின், நூற்றுக்கு எழுபத்துமூன்றாக இருந்த சாவு நாற்பத்தொன்பதாயிற்று. அதே மாதங்களில் சீரம் வழங்காத மற்றொரு பாரிசு மருத்துவமனையில் நூற்றுக்கு அறுபதின்மர் இறந்தனர். கத்தியும் கையும் முன்போலவே இருந்தன. மருந்து வந்தமையால் பயன் மாறியது.

ஆண்டுக்காண்டு நோயின் கடுமை வேறுபடலாமாகலின் இவ்வொப்பீடு போதாதென்று கருதிய டென்மார்க்கு மருத்துவர் ஃபிபிகர், கோப்பன்கேகன் நகரத்துப் பிளெக்தம் மருத்துவமனையில் ஒருநாள் வந்தோர்க்குச் சீரமும் மறுநாள் வந்தோர்க்குச் சீரமின்மையுமாக மாறி மாறி அளித்துப் பார்த்தார். சீரம் பெற்ற 239 பேருள் எண்மர் இறந்தனர். பெறாத 245 பேருள் முப்பதின்மர் இறந்தனர். 1898 இல் வெளியான இவ்வாராய்ச்சி, மருந்தின் பயனை முறைப்படி அளந்தறியும் முயற்சிகளுள் முன்னோடியாகும்.

மேனாட்டில் இவை நிகழ்ந்த காலத்தே ஈழத்து மலைநாட்டின் நிலை யாது? பிரெத்தனோ சிறுமியின் மிடற்றைத் திறந்த அதே 1820 களில், கம்பளைப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. தமிழகத்தின் வறண்ட சிற்றூர்களினின்றும் கங்காணிகள் திரட்டிய மக்கள் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் அப்பாலும் நடந்தனர். வழியிற் பேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். 1869 இல் கம்பளை மருத்துவமனையைப் பற்றி மருத்துவர் வான்டோர்ட் எழுதிய அறிக்கை தொழிலாளர் நோய்ப்பட்டுக் கைவிடப்பட்ட அவலத்தை அரசினர் கண்முன் நிறுத்தியது. அவ்வாண்டே கோப்பி இலைநோயும் தோன்றியது. கோப்பி அழியத் தேயிலை தழைத்தது. 1867 இல் லூல்கந்துரையில் சேம்சு டெயிலர் பயிரிட்ட பத்தொன்பது ஏக்கர் நிலம், இரு தலைமுறைக்குள் நுவரெலியா, அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா மலைகளையெல்லாம் மூடிய பசும்போர்வையாயிற்று. கோப்பிக்குப் பருவத்தே மட்டும் ஆள் வேண்டியிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் கைகள் வேண்டும். எனவே பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. மலைநாட்டில் குழந்தை மருத்துவம் ஒரு வினாவாகத் தோன்றியது இக்குடியமர்வின் பின்னரேயாம்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872 இல் 14 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் தோட்டத்துரைமார் அடங்கிய குழுக்கள் மருத்துவம் நடத்துமாறு விடப்பட்டன. அவ்வேற்பாடு தோற்றமையால் 1880 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசினரே பொறுப்பேற்றனர். 1912 இல் மருத்துவத் தேவைச் சட்டமும் தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டமும் புதுக்கி அமைக்கப்பட்டன. இவற்றின் பயனாக மாவட்ட மருத்துவமனைகளும், தோட்டத்து மருந்துச்சாலைகளும், டிஸ்பென்சர் எனப்பட்ட மருந்தாளரும் மலைநாட்டில் ஏற்பட்டமை உண்மை. ஆனால் இச்சட்டங்கள் நோக்கியது பெரிதும் வேலை செய்யும் உடம்பையே. 1916 இல் உரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் துணையோடு தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு முயற்சி தொடங்கியபோதும், அப்புழு தொழிலாளரின் வலிமையைக் குறைக்கின்றதென்பதே துரைமாரை இசைவித்த வாதங்களுள் வலியதாக இருந்தது. கொழுந்து பறியாத மூன்று வயதுக் குழந்தையின் தொண்டை எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுதற்குரியதன்று.

தமிழ்மொழியில் அறிவு இல்லாமையே இதற்குக் காரணமெனல் பொருந்தாது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்ட மாணாக்கரை மருத்துவராக்கினார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவற்றுள் இரணவைத்தியம் என்னும் நூல் 1867 இல் அச்சேறியது. டெயிலர் முதலில் தேயிலை நட்ட அதே ஆண்டில், இரணசிகிச்சையைத் தமிழிற் கற்கும் வாய்ப்பு ஈழத்தில் இருந்தது. 1870 இல் கொழும்பு மருத்துவக் கல்லூரியும் தோன்றியது. யாழ்ப்பாணத்தார் பலர் தோட்டங்களிற் கணக்கராகவும் மருந்தாளராகவும் பணிபுரிந்தனர். நூல் இருந்தது, கற்றவரும் இருந்தனர். குறைந்தது வழியே.

வழியின் கணக்கைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். புகையிரதம் நாவலப்பிட்டிக்கு 1874 இலும் நானுஓயாவிற்கு 1885 இலும் எட்டியது. அது தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைக்கு ஒருநாளிற் சேர்க்க வல்லதாயிற்று. ஆனால் லயத்திலிருந்து புகையிரத நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்லும் வழி ஒற்றையடிப் பாதையும் செங்குத்துப் படிகளுமே. தூக்கிச் செல்வோர் தோளில் தடியும் தடியிற் கட்டிய கம்பளியுமே வாகனம். குரல்வளை அடைபடும் குழந்தைக்குக் கிடைக்கும் காலமோ மணிக்கணக்கு, முடிவில் நிமிடக்கணக்கு. தொண்டைக்கரப்பன் முதலிற் சிறு காய்ச்சலாகவும் குரற் கம்மலாகவும் வருவது. காலையிற் பெரட்டுக்குச் செல்லும் தாய் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவிலே கிழவியொருத்தியிடம் ஒப்படைத்துச் செல்வாள். மாலையில் வந்து பார்க்கும்போது மூச்சில் ஒலி கேட்கும். அதன்பின் துரைக்கு அறிவித்து, ஆள் திரட்டி, இருளிலும் மழையிலும் இறங்கிச் செல்லுதல் வேண்டும். பாரிசில் காலந்தாழ்த்தியது அச்சம். மலைநாட்டிற் காலந்தாழ்த்தியது மலையும் வேலைமுறையும். சீரத்தின் நிலையும் இதுவே. நஞ்சு உடலுறுப்புக்களிற் பற்றுமுன் ஏற்றினாலே அது முழுப்பயன் தரும். முதலிரு நாளில் ஏற்றப்பட்ட குழந்தைக்கும் ஐந்தாம் நாளில் ஏற்றப்பட்ட குழந்தைக்கும் பயன் பெரிதும் வேறுபடும். எனவே மேனாட்டுப் புள்ளிவிவரத்தின் மேன்மை தொலைவிலிருந்த லயத்துக்குத் தானே வந்து சேர்வதன்று.

இதனிடையே சிகிச்சையின் பின்விளைவுகளும் ஆராயப்பட்டன. அமெரிக்கத் தொண்டை மருத்துவர் செவாலியர் சாக்சன் 1909 இல் மிடறு திறக்கும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார். உயிர்பிழைத்தும் குழாயைக் கழற்ற இயலாது ஆண்டுக்கணக்காகத் துன்புற்ற சிறுவர் பலர் அவரிடம் வந்தனர். குரல்வளையை அடுத்து மிக உயரத்தே வெட்டியமையால் அங்குள்ள வளையக் குருத்தெலும்பு கெட்டு, வடு சுருங்கி, வழி நிலையாக அடைபட்டதென அவர் 1921 இல் விளக்கினார். தாழ்வாக, நடுக்கோட்டில், விரைவிலும் நிதானத்தோடு திறக்க வேண்டுமென்பது அவர் போதனை. உயிரைக் காத்தலோடு மருத்துவன் கடமை முடிவதில்லை. குழந்தை மீண்டும் தன் மூக்கால் மூச்சுவிட்டுத் தன் குரலாற் பேசுதலே முடிந்த பயன் என்னும் உணர்வு இதனால் வலியுற்றது.

1923 இல் பிரான்சிய அறிஞர் இரமோன், நஞ்சின் கேடு நீங்கக் காப்பாற்றல் மட்டும் எஞ்சுமாறு பதப்படுத்திய தடுப்பு மருந்தைக் கண்டார். கத்தியின் தேவையையே அகற்றும் ஆற்றல் இதற்கிருந்தது. இலங்கையில் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி என்னும் மூன்றுக்குமான முக்கூட்டுத் தடுப்பூசி 1961 இற் புகுத்தப்பட்டது. 1978 இல் விரிவாக்கிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 2008 இல் ஐங்கூட்டு ஊசி வந்தது. குழந்தையின் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் அவ்வூசி ஏற்றப்படுகின்றது. ஒருகாலத்திற் பெற்றோரை நடுங்கவைத்த தொண்டைக்கரப்பன் இன்று இந்நாட்டில் மிக அரிதாயிற்று. இவ்வெற்றியின் இயல்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். மிடறு திறத்தல் குழந்தையை மருத்துவனிடம் கொண்டுவரச் சொல்கின்றது. தடுப்பூசியோ நோயின்றி இருக்கும்போதே குழந்தையைத் தேடி லயத்துக்கு ஏறிச் செல்கின்றது. முன்னது வழியின் தொலைவுக்குத் தோற்றது. பின்னது அத்தொலைவை ஒருநாள் நடந்து முடித்துவிட்டது. பொது மருத்துவமாதரும் தோட்டத்து மருத்துவிச்சியரும் ஏறிய படிகளே மலைநாட்டுக் குழந்தைகளின் தொண்டையைக் காத்த படிகள் எனலாம்.

தொண்டைக்கரப்பன் ஒடுங்கவே மிடறு திறத்தல் மறைந்துவிட்டதோ எனின், இல்லை. அதன் நோக்கம் மாறியது. 1952 இல் கோப்பன்கேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. ஃபிபிகர் முன்னர்ச் சீரத்தை அளந்தறிந்த அதே பிளெக்தம் மருத்துவமனையில், மூச்சுத்தசைகள் செயலற்ற நோயாளர் குவிந்தனர். இயந்திரங்களைக் கொண்டு முதலிற் காக்க முயன்ற 31 பேருள் 27 பேர் மூன்று நாளில் இறந்தனர். தலைமை மருத்துவர் இலாசன், மயக்க மருத்துவர் இப்சனின் துணையை நாடினார். ஆகத்து 27 ஆம் நாள் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் மிடறு திறக்கப்பட்டு, குழாய்வழியே பையொன்றைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தப்பட்டது. அவள் உயிர்பெற்றாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணாக்கர் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். பத்தில் ஒன்பதளவாக இருந்த சாவு அவ்வாண்டு முடிவுக்குள் ஏறத்தாழ நாலில் ஒன்றாகத் தாழ்ந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் பிறப்பிடம் அதுவே. ஆங்கும் உயிரைக் காத்தது அருகிருந்த மனிதக் கைகளே என்பதை மறத்தலாகாது.

1960 களில் நெகிழ்வான பிளாத்திக்குக் குழாய்கள் வந்தபின், மூக்குவழியே குழாயை நாள்கணக்காக வைத்திருக்கலாமென்பதை 1962 இல் பெய்ரூத்திலிருந்து பிராண்ட்ஸ்டேட்டரும், 1965 இல் மெல்போர்ன் குழந்தைகள் மருத்துவமனையினரும் எடுத்துரைத்தனர். அவசர நிலையிற் கழுத்தைத் திறக்கும் தேவை அதனாற் பெரிதும் குறைந்தது. நிலக்கடலை, விதை முதலியன மூச்சுக்குழாயிற் சிக்கினும் உள்நோக்குக் கருவியால் வாய்வழியே எடுத்துவிடலாகும். இன்று மிடறு திறக்கப்படும் குழந்தைகள் பெரும்பாலர், குறைமாதத்திற் பிறந்து நெடுங்காலம் காற்றுப்பொறியைச் சார்ந்தோர், குரல்வளைக்குக் கீழ் வடுவால் வழி குறுகியோர், முகத்தாடை அமைப்பிற் குறையுடன் பிறந்தோர், நரம்புத்தசை நோயுடையோர் ஆவர். முன்னர்ச் சில நாள் அளவான குழாய் இப்போது சில ஆண்டுகள் தங்குகின்றது. இக்குழந்தைகளுள் இறப்போர் பெரும்பாலும் மூலநோயாலேயே இறக்கின்றனர். குழாய் காரணமாக நேரும் சாவு நூற்றுக்குச் சிலவே. அச்சிலவும் பெரும்பாலும் இரு காரணத்தால் நேர்வன: குழாய் சளியால் அடைபடுதல், தவறிக் கழன்றுபோதல். இரண்டும் துரூசோ அறிந்தவையே. நூற்றைம்பது ஆண்டுகளில் அனைத்தும் மாறினும், இரவில் விழித்திருந்து குழாயின் ஒலியைக் கேட்பவரின் தேவை மாறவில்லை.

அவ்வொலியைக் கேட்பவர் இக்காலத்திற் பெரும்பாலும் தாயே. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன் சளி உறிஞ்சுதலையும், குழாய் மாற்றுதலையும், நாடாக் கட்டுதலையும், மூச்சு நின்றால் செய்வனவற்றையும் அவள் கற்றல் வேண்டும். உறிஞ்சும் கருவிக்கு மின்சாரமும், கைகழுவத் தூய நீரும், புகையற்ற அறையும் வேண்டும். மலைநாட்டுப் பழைய லயத்தின் ஒற்றை அறையில் விறகடுப்புப் புகை ஒருபுறம், நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்துக் குளிர் மறுபுறம். நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் தாய் குழந்தையருகே இருந்தால் அன்றைய கூலி இல்லை. கூலிக்குச் சென்றால் குழந்தையருகே ஆளில்லை. மருத்துவன் வெட்டிய வழியைக் காப்பது இவ்வாறு ஒரு குடும்பத்தின் பொருளாதார வினாவாக முடிகின்றது.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1948 இற் பறிக்கப்பட்ட குடியுரிமை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சியோர்க்கும் மீண்டது. 1990 களிலிருந்து தோட்டத்து மருத்துவமனைகள் சிலவற்றை அரசினர் படிப்படியாக ஏற்கத் தொடங்கினர். 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 படுக்கை மருத்துவமனை திறக்கப்பட்டது. இவையெல்லாம் வழியைக் குறுக்கிய செயல்களே. எனினும் தோட்டத்துக் குழந்தை நாட்டின் குழந்தையா, தோட்டத்தின் பொறுப்பா என்னும் பழைய வினா முழுதும் ஓய்ந்துவிடவில்லை. ஆம்புலன்சு வண்டி ஏறமுடியாத பாதையும், மருத்துவ அலுவலர் நிலையாய்த் தங்காத மருந்துச்சாலையும் இருக்குமளவும் அது ஓயாது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. மிடறு திறந்த குழந்தையின் வாழ்வு கத்தியின் கூர்மையால் மட்டும் முடிவானதன்று. சீரம் வந்தபோது பாதியளவு மீண்டனர். காப்போர் நெருங்கியிருந்தபோது மேலும் பலர் மீண்டனர். தடுப்பூசி வந்தபோது பெரும்பாலோர்க்குக் கத்தியே வேண்டாதாயிற்று. இம்மூன்றும் ஓரிடத்து மக்களை எய்தும் காலத்தை அளந்து பார்த்தால் அம்மக்களை நாடு எவ்வளவு மதித்தது என்பது விளங்கும். 1923 இற் கண்ட தடுப்பு மருந்து நம் நாட்டுக் குழந்தைகளை எய்த ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. அடுத்து வரும் மருந்தும் முறையும் அவ்வளவு காலம் காத்திராவண்ணம் செய்வதே கற்றோர் கடன். நோயாளி, மருத்துவன், மருந்து, காப்போன் என்னும் நான்கும் ஓரிடத்தே கூடுதற்கு வழி அமைப்பது அரசின் கடன். அவ்வழி எவ்விடத்தே தடைப்பட்டு நிற்கின்றதெனச் சுட்டிக்காட்டுவது வரலாறு கற்போர் கடன்.